முதலில் வட்டியைச் சொல்லிக்கொடுங்கள்

பிளஸ் ஒன் பொருளியல் புத்தகத்தை அண்மையில் ஒரு மாணவியிடம் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். தொடக்கத்திலேயே பொருளியல் என்றால் என்ன என்பதற்கு நான்கு இலக்கணங்கள். 1776இல் ஆடம் ஸ்மித் அதைச் செல்வத்தைப் பற்றிய படிப்பு என்றார். 1890இல் மார்ஷல் வந்து, இல்லை, அது மனிதர்களின் நலத்தைப் பற்றியது என்றார். 1932இல் ராபின்ஸ் பற்றாக்குறையைப் பற்றியது என்றார். சாமுவேல்சன் அதில் வளர்ச்சியையும் சேர்த்தார். நால்வரும் மேதைகள். அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த நாலு பேரா, அல்லது தன் வீட்டுக் கடனுக்கு எவ்வளவு வட்டி போகிறது என்பதா? என்னைக் கேட்டால் வட்டிதான். மற்றதெல்லாம் பிறகு வரட்டும்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்து, பாதிக் காலம் பென்ஷன் பிரிவில் கோப்பு தள்ளி, 2011இல் ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு வழியில் படித்ததால், இப்போது சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டுத் திண்ணையில் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். புத்தகம் கொடுத்த பெண்ணும் அவர்களில் ஒருத்தி. அவளுடைய அம்மா பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறார். அண்ணன் ஒரு கடையில் வேலை பார்க்கிறான்.

அந்த அண்ணன் சென்ற ஆண்டு தவணையில் பைக் எடுத்தான். கடன் ஒரு லட்சம். மூன்று வருஷம். "பத்து பர்சென்ட்தான் சார் வட்டி, பேங்க்லயே அப்படித்தான்" என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். பொருளியலில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிற பெண். தேவையின் நெகிழ்ச்சி என்றால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

சரி, கணக்குப் பார்ப்போம் என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 10,000. மூன்று வருஷத்துக்கு 30,000. மொத்தம் 1,30,000. அதை 36 மாதத்தால் வகுத்தால் தவணை 3,611 ரூபாய். தவணைப் புத்தகத்திலும் அதுதான் இருந்தது. "சரியாத்தானே சார் இருக்கு?" என்றாள்.

கணக்கு சரிதான். கேள்விதான் தப்பு. அவன் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வருகிறான். பதினெட்டு மாதம் கழித்து அவன் கையில் உண்மையில் இருக்கும் கடன் ஏறக்குறைய 56,000 ரூபாய்தான். கடைசி மாதத்தில் 3,500 சொச்சம். ஆனால் வட்டி மட்டும் முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கே போடப்படுகிறது. மாதத்துக்கு 833 ரூபாய். யோசித்துப் பாருங்கள், கடைசி மாதம் 3,500 ரூபாய் கடனுக்கு 833 ரூபாய் வட்டி! இதற்குத்தான் 'ஃபிளாட்' வட்டி என்று பெயர். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் கணக்கிட்டால், இந்தப் 10 சதவீதம் ஏறக்குறைய 18 சதவீதம். போதாததற்கு, ஆவணச் செலவு என்று 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் கடனையே கொடுத்திருந்தார்கள். அதையும் சேர்த்தால் 19.4.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். அவர்கள் கொடுத்த காகிதக் கட்டில் பின்னால் ஒரு தாள் இருந்தது. அதில் 19.4 என்று அச்சடித்தே இருந்தது. ஆங்கிலத்தில். அதை யாரும் படிக்கவில்லை. அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பொருளாதாரம் என்று ஒரு பாடம் இல்லை. ஆனால் வட்டி இருந்தது. ஏழெட்டு வயதில் லா ஃபோன்தேன் எழுதிய சில்வண்டும் எறும்பும் கதைப் பாட்டை மனப்பாடம் பண்ண வேண்டும். 1668இல் வந்தது. கோடை முழுதும் பாடித் திரிந்த சில்வண்டு, குளிர் வந்ததும் எறும்பிடம் தானியம் கடன் கேட்கும். ஆகஸ்டுக்கு முன்னால் முதலோடு வட்டியும் சேர்த்துத் தந்துவிடுவதாகச் சத்தியம் பண்ணும். எறும்பு கொடுக்காது. சோம்பேறித்தனம் கூடாது என்று நீதி சொல்வதற்காக அதை வைத்திருப்பார்கள். எனக்கு ஒட்டிக்கொண்டது நீதியில்லை. 'முதல்', 'வட்டி', 'தவணை' என்ற மூன்று சொற்கள்தான். முசியே (வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதோடு நிறுத்தவில்லை. பத்து மூட்டை கடன் கொடுத்தால் ஆகஸ்டில் எத்தனை மூட்டை வர வேண்டும் என்று கரும்பலகையில் கணக்கே போட்டுவிடுவார்.

பிறகு மேல் வகுப்பில் மூன்று சொல் வரும். 'கபித்தால்' என்றால் முதல். 'தோ' என்றால் வட்டி விகிதம். 'தாம்' என்றால் காலம். மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் வட்டி. மறக்கவே மறக்காது. ஏனென்றால் எங்கள் ஊரில் கடன் வாங்கியவன் "தோ தர்றேன், தோ தர்றேன்" என்றுதானே இழுத்தடிப்பான்! நாங்கள் சிரிப்போம். முசியேக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்றில் நம் பிள்ளைகள் விட்டுவிடுவது காலத்தைத்தான். பணம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். எந்தத் தேதியில் என்று பார்ப்பதில்லை. தேதி இல்லாத பணம் கணக்குக்கு உதவாது. பைக் கடனில் நடந்ததும் அதுதான்.

பூக்கார அம்மாவுக்கு இது தெரியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர் வருஷக்கணக்காகத் தண்டல் வாங்குபவர். தண்டல் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளைக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். கேட்டால் 15 சதவீதம் என்பார்கள். ஆனால் அது வருஷத்துக்கு இல்லை, நூறு நாளுக்கு. அதிலும் தினமும் கடன் குறைந்துகொண்டே வருகிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டும்.

மகளோடு சேர்ந்து இந்தக் கணக்கைப் போட்டு, அம்மாவிடம் காட்டினேன். அவர் அதிரவில்லை. பூ கட்டிக்கொண்டே சொன்னார்: "நூறு நாளைக்கு ஆயிரத்தஞ்ஞூறுன்னா நாளைக்குப் பதினஞ்சு ரூபாங்க ஐயா. அந்தக் காசு இருந்தாத்தான் விடியக்காலைல பூ எடுக்க முடியும். எடுத்தா முந்நூறு நானூறு நிக்கும். பதினஞ்சு ரூபா குடுத்தா என்ன?"

நாலு இலக்கணத்தையும் எழுதியவர்கள் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். 120 சதவீத வட்டி என்றதும் நாம் வாயைப் பிளக்கிறோம். ஆனால் தினம் புரளும் முதலுக்கு அது தாங்கும். அந்த அம்மாவுக்கு விடியற்காலை நாலு மணிக்குப் பணம் கொடுக்க எந்த வங்கி திறந்திருக்கிறது? அதே தண்டலை வாங்கி ஃபிரிட்ஜ் வாங்கினால்தான் ஆபத்து. ஃபிரிட்ஜ் தினம் முந்நூறு ரூபாய் சம்பாதித்துத் தராது. ஒரே கடன், ஒரே வட்டி. ஒரு வீட்டில் பிழைப்பு, இன்னொரு வீட்டில் நாசம். கடன் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பொருளே இல்லை. அந்தப் பணம் என்ன வேலை செய்யப் போகிறது என்று கேட்க வேண்டும். பொருளியல் வகுப்பில் முதல் போடுவதற்கான கடனும் நுகர்வுக்கான கடனும் வேறு வேறு என்று எழுதியிருப்பார்கள். பூக்கார அம்மா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

நானும் விடவில்லை. "அம்மா, நாளைக்கு 85 ரூபாய் தனியா எடுத்து வைங்க. நூறு நாள்ல 8,500 உங்க சொந்தப் பணமா இருக்கும். அப்புறம் தண்டல்காரரே வேண்டாமே" என்றேன்.

"வீட்ல காசு இருந்தா தங்குமாங்க? அவர் பையைத் தூக்கிட்டு வந்து நின்னாத்தான் எடுத்து வெக்கிறோம். இல்லன்னா ஸ்கூலு, டாக்டரு, கல்யாணம்னு போயிடும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்டல்காரருக்குக் கொடுக்கும் பதினைந்து ரூபாயில் ஒரு பங்கு வட்டி, ஒரு பங்கு அவர் வாசலில் வந்து நிற்பதற்கான கூலி. பிராவிடண்ட் ஃபண்டு என்று நம் சம்பளத்தில் பிடித்தார்களே, அதுவும் இதே வேலைதான். கைக்கு வருவதற்கு முன்பே பிடித்ததால்தான் நமக்குச் சேர்ந்தது. நம் ஜி.பி.எஃப்.புக்கு ஒரு காலத்தில் 12 சதவீத வட்டி. இப்போது 7.1. வட்டியைவிட அந்தக் கட்டாயப் பிடித்தம்தான் நம்மைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். சஞ்சாயிகா என்று பள்ளிகளில் பிள்ளைகளே நடத்திய சேமிப்பு வங்கி நினைவிருக்கிறதா? ஒரு பையன் மேனேஜர், ஒரு பெண் கேஷியர். அது ஏன் மங்கிப்போயிற்று என்று எனக்கு ஆதங்கம்தான்.

அடுத்தது விலைவாசி. பணவீக்கம் என்றால் பிள்ளைகள் ஓர் இலக்கணம் ஒப்பிக்கிறார்கள். ஓய்வூதியர்களாகிய நமக்கு இலக்கணம் வேண்டாம், அகவிலைப்படி போதும். ஏழாவது சம்பளக் கமிஷனில் 2016 ஜனவரியில் அது பூஜ்யத்தில் தொடங்கியது. 2024 ஜனவரியில் 50 சதவீதம். அதாவது 2016இல் 100 ரூபாய்க்கு வாங்கியதற்கு 2024இல் 150 ரூபாய் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. (உண்மையில் கூடுதல் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.) ஒருவர் 2016இல் ஒரு லட்சத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார் என்று வையுங்கள். எட்டு வருஷம் கழித்துத் திறந்தால் ஒரு நோட்டுகூடக் குறையவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கைக் கறையான் அரித்துவிட்டது. அதையே சேமிப்புக் கணக்கில் 3 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் 1,26,700 ஆகியிருக்கும். பாஸ்புத்தகத்தைப் பார்த்து மகிழலாம். ஆனால் பழைய ஒரு லட்சத்துக்கு ஈடாக 1,50,000 வேண்டும்.

எண் வேறு, பணம் வேறு என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் அனுபவத்திலேயே பார்த்தவர்கள். நான் பள்ளியில் சேர்ந்த 1957இல்தான் அணா போய் நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை யார் விழுங்குவது என்று கடைத்தெருவில் தினம் சண்டை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் எங்கள் தெருவில் நிறைய. 1960இல் ஃபிரான்சில் நூறு பழைய ஃபிராங்க்கை ஒரு புது ஃபிராங்க் ஆக்கினார்கள். பிறகு 2002இல் ஃபிராங்க் நோட்டே போய் யூரோ நோட்டு வந்தது. ஒரு யூரோவுக்கு 6.55957 ஃபிராங்க். மாதம் 6,000 ஃபிராங்க் வாங்கியவருக்கு 915 யூரோ என்று தாள் வந்தால் எப்படி இருக்கும்? "பென்ஷனைக் குறைச்சிட்டாங்க தம்பி" என்று ஒரு பெரியவர் என்னிடம் வந்து நின்றார். அவர் வாசலில் உட்கார்ந்து, 915 யூரோவுக்கு எத்தனை ரூபாய், 6,000 ஃபிராங்க்குக்கு எத்தனை ரூபாய் என்று போட்டுக் காட்டிய பிறகுதான் காபி குடித்தார். இந்த ஒரு கதையை வைத்து வகுப்பில் நாணய மாற்று, பெயரளவு மதிப்பு, உண்மை மதிப்பு மூன்றையும் நடத்திவிடலாம். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் எங்கே கிடைக்கும்?

பிள்ளைகள் மிகவும் ரசித்தது 72இன் கணக்கு. வட்டி விகிதத்தால் 72ஐ வகுத்தால், கூட்டு வட்டியில் பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று ஏறக்குறைய தெரியும். 8 சதவீதம் என்றால் 9 வருஷம். 12 என்றால் 6. இதைத் திருப்பியும் போடலாம். மூன்றாவது சம்பளக் கமிஷனில், 1973இல், கீழ்நிலை எழுத்தரின் தொடக்கச் சம்பளம் 260 ரூபாய். அதில்தான் நான் சேர்ந்தேன். 2016இல் அதே நாற்காலிக்கு 19,900. எழுபத்தாறு மடங்கு! இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால் ஆறு முறைக்குச் சற்று மேல். 43 வருஷத்தில் ஆறு முறை என்றால் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை. 72ஐ ஏழால் வகுத்தால் ஆண்டுக்குப் பத்து சதவீதம் சொச்சம். "அப்போ நீங்க ஏழையா இருந்தீங்களா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். 260இல் வீட்டு வாடகையும் அரிசியும் போக அம்மாவுக்கும் அனுப்பினேன் என்று சொன்னால் நம்பவில்லை.

இதே 72 ஒரு காவல் நாயும்கூட. 1990களில் தமிழ்நாட்டிலும் எங்கள் ஊரிலும் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. 24 சதவீதம், 36 சதவீதம் வட்டி. ஓய்வு பெற்ற கையோடு கிராஜுவிட்டியைக் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் எத்தனை பேர்! 72ஐ 36ஆல் வகுத்தால் இரண்டு. இரண்டே வருஷத்தில் முதலை இரட்டிப்பாக்கித் தர இவன் என்ன வியாபாரம் செய்கிறான் என்று ஒருவராவது கேட்டோமா? கம்பெனிகள் கவிழ்ந்து, முதலீட்டாளரைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பாமலே கண்ணை மூடியவர்கள் என் அலுவலக நண்பர்களிலேயே இருக்கிறார்கள். படிக்காதவர்கள் இல்லை. மற்றவர்களின் பென்ஷனைக் காசு பிசகாமல் கணக்கிட்டவர்கள்.

பென்ஷன் என்றதும் இன்னொன்று. கம்யூடேஷன் வாங்காதவர் நம்மில் யார்? அறுபதில் ஓய்வு பெற்றவர் மாதம் ஒரு ரூபாயை விட்டுக்கொடுத்தால் மொத்தமாக 98 ரூபாய் 33 காசு கிடைக்கும். பிடித்தம் பதினைந்து வருஷம், அதாவது 180 ரூபாய். இது லாபமா நஷ்டமா என்று பிரிவில் என்னிடம் தினம் ஒருவர் கேட்பார். ஏறக்குறைய 9 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி என்று சொல்வேன். நடுவில் நாம் போய்ச் சேர்ந்துவிட்டால் பாக்கியைக் குடும்பத்திடம் கேட்கமாட்டார்கள், அது ஒரு சலுகை. "அப்படியா!" என்று விட்டு, பக்கத்து சீட்காரர் வாங்கினாரா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அறுபது வயதில் கேட்ட கேள்வியைப் பதினாறு வயதில் கேட்கப் பழக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது பிள்ளைகளை நேராகத் தொடும் விஷயம் கல்விக் கடன். படிக்கும்போது கட்ட வேண்டாம், வேலை கிடைத்த பிறகு கட்டலாம் என்றுதான் காதில் விழுகிறது. வட்டி ஓடிக்கொண்டிருப்பது விழுவதில்லை. நாலு வருஷப் படிப்பு, ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் ஒரு லட்சம், 10 சதவீதச் சாதாரண வட்டி, படிப்பு முடிந்து இன்னும் ஒரு வருஷ அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. அடுத்ததற்கு 40,000. பிறகு 30,000. கடைசிக்கு 20,000. கட்டத் தொடங்கும் நாளில் கடன் நாலு லட்சம் இல்லை, 5,40,000. பத்து வருஷத் தவணை மாதம் 7,100 சொச்சம். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்திருந்தால் தவணை 5,300க்குள் நின்றிருக்கும். முதல் வருஷம் அதற்கு மாதம் 833 ரூபாய்தான். முடிந்தவர்கள் கட்டலாம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பமானால், தொழில் படிப்புகளுக்கு, சில நிபந்தனைகளோடு, அந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றிதழை உரிய நேரத்தில் வங்கியில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டவர்கள்தான் அதிகமாக என்னிடம் வருகிறார்கள். தயவுசெய்து உங்கள் பேரப்பிள்ளைகளிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

நான் இப்படிச் சொன்னால் ஒரு நண்பர், "அதெல்லாம் இப்ப பசங்களுக்குத் தெரியும், போன்லயே ஷேர் வாங்கி விக்கறாங்க" என்கிறார். அதுதான் எனக்குப் பயம். சம்மர் கேம்ப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பங்குச் சந்தை சொல்லித் தருகிறோம் என்று துண்டுப் பிரசுரம் என் வாசலுக்கே வந்தது. பங்குச் சந்தைமேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியே 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! ஃபிளாட் வட்டிக்கும் குறையும் வட்டிக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுவது, நடை பழகாத குழந்தையைக் கடலில் நீந்த விடுவதுதான்.

இன்னொரு தரப்பும் உண்டு. காசு விஷயத்தைப் பிள்ளைகளிடம் பேசக்கூடாது, படிப்பு கெடும் என்பவர்கள். நாம் வளர்ந்ததே அப்படித்தான். அப்பா கடனை அப்பா செத்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். கடன் பத்திரத்தைப் பிள்ளை பார்த்தால் அப்பாவுக்கு மரியாதை குறையும் என்று நினைத்த காலம். இப்போது பிள்ளைகளுக்கே போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறார்கள். மூடி வைத்து யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ ஃபைனான்ஸ் நிறுவனமோ தனிநபருக்குத் தவணைக் கடன் கொடுத்தால், முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையான விகிதம் இவ்வளவு என்று அதில் ஒரே எண்ணாகப் போட வேண்டும். தவணை அட்டவணையும் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஏழு நாளோ அதற்கு மேலோ உள்ள கடனானால், அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாளாவது செல்லுபடியாகும். எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் கலந்து பேசலாம். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன்காரரின் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

இவ்வளவு நல்ல ஆயுதத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். படிக்கத்தான் ஆளில்லை. அதனால் என் யோசனை இதுதான். பொருளியல், வணிகவியல் என்று பிரிக்காமல், பிளஸ் ஒன் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் மாதம் இந்தத் தாள்தான் பாடம். பெயரை மறைத்து நகலெடுத்த மூன்று தாள்கள் போதும். ஒரு பைக் கடன், ஒரு நகைக் கடன், ஒரு கல்விக் கடன். வாயால் சொன்ன வட்டி எவ்வளவு, தாளில் இருக்கும் விகிதம் எவ்வளவு, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தமிழில் தாள் கேட்டு மனு எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் இதற்குக் கொடுங்கள். தேர்வுக்கு வராத பாடத்தை நம் ஊரில் எந்த வாத்தியார் நடத்துவார்? ஆடம் ஸ்மித் இரண்டாவது மாதம் வரட்டும், அவர் இருநூற்றைம்பது வருஷம் காத்திருந்தவர்தான்.

அண்ணனுக்கு இன்னும் இருபத்துநாலு தவணை பாக்கி. முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு மிச்சமாகும், அதற்குக் கட்டணம் உண்டா என்று அந்தப் பெண்ணே தாளைத் தமிழில் கேட்டு எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை ஏலச்சீட்டு. இருபது பேர், மாதம் ஐயாயிரம், தள்ளு போக எடுப்பவருக்கு என்ன வட்டி விழுகிறது, கடைசி வரை எடுக்காதவருக்கு என்ன கிடைக்கிறது என்று போடப்போகிறோம். பூக்கார அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். "நீங்க எழுதுங்க ஐயா, நான் வாயால சொல்றேன்" என்றார்.